காய்ச்சலுக்கு அட்மிட் ஆனவருக்கு எதற்கு இதய மானிட்டர்? யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை?

2025 ஜூலையில் மைசூரு கே.ஆர்.எஸ். சாலையில் உள்ள ஜெயதேவா இதயநோய் மருத்துவமனை முன்பு காலையிலேயே நீண்ட வரிசை நின்றது. பக்கத்து ஹாசன் மாவட்டத்தில் இளம் வயதினர் அடுத்தடுத்து மாரடைப்பால் இறந்ததாக வந்த செய்திகள்தான் காரணம். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள்கூட 'எதுக்கும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துடலாம்' என்று வந்து நின்றார்கள். மாநில அரசு அமைத்த நிபுணர் குழு, வழக்கத்தைவிட மரணங்கள் பெரிதாக அதிகரிக்கவில்லை என்று பிறகு சொன்னது.

அதே கே.ஆர்.எஸ். சாலையில்தான் இளவரசி கிருஷ்ணாஜம்மணியின் பெயரில் 1921-ல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையும் இருக்கிறது. 2020-ல் கொரோனா நோயாளிகளுக்காக ஒதுக்கப்பட்ட மாவட்ட மருத்துவமனையும் இதே சாலைதான். இதயத்துக்கு ஒரு கட்டடம், தொற்றுக்கு வேறு கட்டடம். ஆனால், உடம்புக்குள் இப்படிப்பட்ட காம்பவுண்டு சுவர் எதுவும் கிடையாது.

இதை நீங்கள் நேரில் உணர்வது பெரும்பாலும் ஒரு வார்டில்தான். அப்பாவை நிமோனியா என்று அட்மிட் செய்திருப்பீர்கள். ரூம்மேட்டை டெங்கு என்று சேர்த்திருப்பீர்கள். திரும்பி வந்து பார்த்தால் நெஞ்சில் மூன்று அல்லது ஐந்து வயர்கள், தலைமாட்டில் பச்சைக் கோடு ஓடும் ஒரு திரை. 'காய்ச்சல்தானே, ஹார்ட்ல ஏதாவது பிரச்னையா?' என்று பதறுவீர்கள். அல்லது நேரெதிராக, பக்கத்துக் கட்டிலுக்கு மானிட்டர் இருக்கும், உங்கள் ஆளுக்கு இருக்காது. 'ஏன் நம்மாளை மட்டும் கவனிக்கல?' என்று கோபப்படுவீர்கள்.

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. சுருக்கமாகச் சொன்னால், தொற்றுநோய் வார்டில் மானிட்டர் என்பது ஆபத்தின் அறிகுறியும் இல்லை, கூடுதல் சொகுசும் இல்லை. குறிப்பிட்ட சிலருக்கு, குறிப்பிட்ட சில நாட்களுக்குத் தேவைப்படும் கருவி அது. தேவையானவருக்கு இல்லாவிட்டால் ஆபத்து. எல்லோருக்கும் மாட்டினாலும் ஆபத்துதான். எப்படி என்று பார்ப்போம்.

தொற்று வந்தால் இதயத்துடிப்பு ஏன் தடுமாறுகிறது?

முதல் காரணம், காய்ச்சல். உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் இதயத்துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 கூடும். 98.6-லிருந்து 102 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குப் போனால் கிட்டத்தட்ட 20 துடிப்பு கூடுதல். இது இயல்பான விஷயம், பயப்பட வேண்டியதில்லை. டைஃபாய்டு போன்ற சில தொற்றுகளில் மட்டும் காய்ச்சல் ஏறும் அளவுக்குத் துடிப்பு ஏறாது. அதுவே டாக்டருக்கு ஒரு துப்பு.

இரண்டாவது, அழற்சியும் ஆக்ஸிஜன் குறைவும். நிமோனியாவிலோ ரத்தத்தில் தொற்று பரவும் செப்சிஸிலோ இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது, ஆனால் கிடைக்கும் ஆக்ஸிஜன் குறைகிறது. ஏற்கெனவே பிபி, சர்க்கரை, அடைப்பு உள்ளவர்களுக்கு இந்த நேரத்தில்தான் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் தலைகாட்டும்.

மூன்றாவது, கிருமியோ அதன் நச்சோ இதயத்தையே தாக்குவது. டெங்கு, கொரோனா போன்ற வைரஸ்கள் சிலருக்கு இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கும். தொண்டை அடைப்பான் நச்சு இதயத்தின் மின்பாதையைத் தாக்கி, துடிப்பைத் தடுத்துவிடக்கூடும். தொண்டை சரியாகி வரும் நேரத்தில், பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில்தான் இது வரும் என்பது கூடுதல் சிக்கல். கர்நாடகத்தின் ஷிவமொக்கா காடுகளில் 1957-ல் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சலிலும் துடிப்பு மெதுவாவது ஒரு அறிகுறி.

நான்காவது காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. அது, தொற்றைக் குணப்படுத்தக் கொடுக்கும் மருந்து. கூடவே வாந்தி, பேதியால் உடம்பு இழக்கும் பொட்டாசியமும் மக்னீசியமும்.

உண்மையில் எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது?

நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்த 1,343 பேரின் விவரங்களை ஆராய்ந்து, 2012-ல் சர்க்குலேஷன் இதழில் ஒரு ஆய்வு வெளியானது. அவர்களில் சுமார் 27 சதவீதம் பேருக்கு இதயச் செயலிழப்பு, துடிப்புக் கோளாறு, மாரடைப்பு என ஏதோ ஒரு இதயச் சிக்கல் வந்திருந்தது. அதில் பாதிக்கும் மேல் முதல் 24 மணி நேரத்துக்குள். அதே ஆய்வில், வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்றவர்களில் இது வெறும் 2 சதவீதம்தான். நோய் ஒன்றுதான், ஆனால் அதன் தீவிரத்தைப் பொறுத்து ஆபத்து பல மடங்கு மாறுகிறது.

கொரோனாவிலும் இதேதான். 2020 தொடக்கத்தில் வூஹானில் மருத்துவமனையில் இருந்த 138 பேரில் 16.7 சதவீதம் பேருக்குத் துடிப்புக் கோளாறு இருந்தது. ஐ.சி.யூ.வில் இருந்தவர்களை மட்டும் எடுத்தால் அது 44.4 சதவீதம். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் 700 கொரோனா நோயாளிகளைக் கவனித்ததில் 9 பேருக்கு இதயம் நின்றது. அந்த 9 பேருமே ஐ.சி.யூ.வில் இருந்தவர்கள். சாதாரண வார்டில் ஒருவர்கூட இல்லை.

இதிலிருந்து தெரிவது இதுதான்: வைரஸின் பெயரைவிட, உடம்பு எவ்வளவு மோசமாகியிருக்கிறது என்பதுதான் இதயத்தின் ஆபத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

மானிட்டர் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை?

நெஞ்சில் ஒட்டும் பட்டைகள் இதயத்தின் மின்துடிப்பைப் பிடித்துத் திரைக்கு அனுப்பும். துடிப்பு எண்ணிக்கை, ஒழுங்கு, இடையில் விடுபடும் துடிப்பு, ஆபத்தான வேகம் எல்லாம் நொடிக்கு நொடி தெரியும். சில மருத்துவமனைகளில் இது வயர்லெஸ் முறையில் நர்ஸ் ஸ்டேஷனில் உள்ள பெரிய திரைக்குப் போகும். தொற்று வார்டுகளில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. கொரோனா காலத்தில் ஒவ்வொரு முறையும் கவச உடை மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டியிருந்தது. வெளியே இருந்தே பத்துப் பேரின் துடிப்பைப் பார்க்க முடிவது நோயாளிக்கும் பாதுகாப்பு, நர்ஸுக்கும் பாதுகாப்பு.

ஆனால், மானிட்டரும் முழு ஈ.சி.ஜி.யும் ஒன்றல்ல. மானிட்டர் காட்டுவது ஓரிரு கோணங்களை மட்டுமே. 12 கோண ஈ.சி.ஜி. ஒரு சில நொடிகளின் படம்தான் என்றாலும், முழுப் படம். இதய வால்வில் தொற்று ஏற்படும் எண்டோகார்டைட்டிஸ் நோயில், சீழ் மின்பாதையை நெருங்குகிறதா என்பதை அடிக்கடி எடுக்கும் ஈ.சி.ஜி.யில் ஒரு சின்ன இடைவெளி நீள்வதை வைத்தே கண்டுபிடிப்பார்கள். 'அதான் மானிட்டர் இருக்கே, ஈ.சி.ஜி. எதுக்கு மறுபடியும்?' என்று கேட்டால், பதில் இதுதான்.

சரி, கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட்வாட்ச்? வாட்சில் இருக்கும் ஒளி சென்சார் ரத்த ஓட்டத்தை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. சில வாட்ச்கள் ஒற்றைக் கோண ஈ.சி.ஜி. எடுத்து ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைக் கண்டுபிடிக்கும். வீட்டில் இருக்கும்போது உதவும். பெங்களூரு ஸ்டார்ட்அப்பான டோசி, மெத்தைக்கு அடியில் வைக்கும் சென்சார் மூலம் துடிப்பையும் மூச்சையும் தொடர்ந்து பதிவு செய்கிறது. நர்ஸ்கள் குறைவாக உள்ள சாதாரண வார்டில், ஒருவரின் நிலை மெல்ல மோசமாகிறதா என்று அறிய இப்படிப்பட்ட கருவிகள் நல்ல துணை. ஆனால், மின்துடிப்பின் வடிவத்தைப் பார்க்க வேண்டிய நோயாளிக்கு இவை எதுவும் மாற்று ஆகாது.

மருந்தே இதயத்தைத் தடுமாற வைக்குமா?

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தின் கீழறைகள் அடுத்த துடிப்புக்காக மின்சார ரீதியாகத் தயாராக வேண்டும். துடிப்பு தொடங்கி அந்தத் தயாரிப்பு முடியும் வரை ஆகும் நேரத்துக்கு ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி என்று பெயர். துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்திய கணக்கில், ஆண்களுக்குச் சுமார் 450 மில்லி விநாடி, பெண்களுக்குச் சுமார் 460 வரை இயல்பு. 500-ஐத் தாண்டினால், அதாவது அரை நொடியைத் தாண்டினால், டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். அந்த நிலையில் உயிரைப் பறிக்கும் ஒரு வகை அதிவேகத் துடிப்பு திடீரென்று தொடங்கக்கூடும்.

இந்த இடைவெளியை நீட்டும் மருந்துகளின் பட்டியலில் உங்களுக்குத் தெரிந்த பெயர்கள் நிறைய இருக்கும்: அஸித்ரோமைசின், லெவோஃப்ளாக்ஸசின், மாக்ஸிஃப்ளாக்ஸசின், பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல், மலேரியாவுக்கான குளோரோகுயின், காசநோய்க்கான பெடாகுயிலின். வாந்திக்குப் போடும் ஆன்டன்ஸெட்ரானும் இதே ரகம்தான். தனியாக, சரியான அளவில், ஆரோக்கியமான ஒருவருக்கு இவற்றால் ஆபத்து மிகக் குறைவு. அஸித்ரோமைசின் பற்றி 2012-ல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வின் கணக்குப்படி, 10 லட்சம் முறை கொடுத்தால் கூடுதலாக 47 இதய மரணங்கள். எண்ணிக்கை சின்னது. ஆனால், இதே வகையில் இரண்டு மூன்று மருந்து ஒன்றாகச் சேர்ந்து, பொட்டாசியமும் குறைந்து, வயதும் கூடி, ஏற்கெனவே இதய நோயும் இருந்தால் கணக்கு வேறு.

2020-ல் இதை உலகமே நேரில் பார்த்தது. அந்த மார்ச் மாதக் கடைசியில் மைசூரு அருகே நஞ்சன்கூடில் உள்ள மருந்துத் தொழிற்சாலையைச் சுற்றி உருவான தொற்றுச் சங்கிலியில் 70-க்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா உறுதியானது. மைசூரு மாநிலத்தின் முக்கிய ஹாட்ஸ்பாட்டுகளில் ஒன்றானது. அந்த முதல் கட்டத்தில் மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட 90 பேரும் குணமாகி, மே நடுவில் வீடு திரும்பினார்கள்.

அதே நாட்களில் நாட்டின் சிகிச்சை விதிமுறை வேகமாக மாறிக்கொண்டிருந்தது. மார்ச் 31-ல் மத்திய சுகாதார அமைச்சகம், ஐ.சி.யூ. தேவைப்படும் தீவிர நோயாளிகளுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயினையும் அஸித்ரோமைசினையும் சேர்த்து, நெருங்கிய கண்காணிப்புடன் கொடுக்கலாம் என்றது. இரண்டுமே க்யூ.டி.யை நீட்டும் மருந்துகள். பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பெற்ற 90 பேரைப் பார்த்ததில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இடைவெளி 500-ஐத் தொட்டது அல்லது தாண்டியது. ஏப்ரல் 24-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. ஜூன் 5-ல் பிரிட்டனின் ரிகவரி ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயினால் பலனே இல்லை என்று அறிவித்தது. ஜூன் 13-ல் வந்த இந்திய விதிமுறையில் அஸித்ரோமைசின் இல்லை. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுக்கும் முன் ஈ.சி.ஜி. எடுத்து க்யூ.டி. பார்ப்பது நல்லது என்ற வரியும் சேர்ந்தது. 2021 செப்டம்பரில் அந்த மருந்தே விதிமுறையிலிருந்து போய்விட்டது.

ரெம்டெசிவிர் நினைவிருக்கிறதா? 2021-ல் ஊர் ஊராக அலைந்து தேடினோமே, அதுதான். அது சிலருக்குத் துடிப்பை மெதுவாக்கும். ஐரோப்பிய மருந்து முகமை பிறகு அதைப் பக்கவிளைவுப் பட்டியலில் சேர்த்தது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும்.

இன்றைக்கு இந்தக் கேள்வி அதிகம் பொருந்துவது காசநோயாளிகளுக்கு. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்காக 2024 செப்டம்பரில் மத்திய அரசு அனுமதித்த புதிய நான்கு மருந்துச் சிகிச்சையில் பெடாகுயிலினும் மாக்ஸிஃப்ளாக்ஸசினும் இரண்டுமே இருக்கின்றன. சிகிச்சைக் காலம் பாதிக்கும் மேல் குறைகிறது, மாத்திரைகளும் குறைகின்றன. அதனால் இதைப் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்தவே கூடாது. தொடக்கத்தில் ஒன்று, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளிகளில் ஒன்று என ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டால் போதும். பெரும்பாலானவர்களுக்கு இங்கே 24 மணி நேர மானிட்டர் தேவையில்லை.

அப்படின்னா யாருக்குத் தொடர் கண்காணிப்பு தேவை?

அமெரிக்க இதயச் சங்கம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறை உட்பட, மருத்துவ உலகம் பொதுவாகப் பின்பற்றும் வரையறை ஏறக்குறைய இதுதான்.

தேவைப்படுபவர்கள்:

• செப்சிஸ், குறைந்த பிபி, ஆக்ஸிஜன் குறைவு என ஐ.சி.யூ. அல்லது அதற்கு அடுத்த நிலை வார்டில் இருப்பவர்கள்.
• இதயத் தசை அழற்சி, தொண்டை அடைப்பான், எண்டோகார்டைட்டிஸ் இருப்பவர்கள் அல்லது அப்படிச் சந்தேகிக்கப்படுபவர்கள்.
• காய்ச்சலோடு மயக்கம், படபடப்பு, நெஞ்சு வலி வந்தவர்கள். புதிதாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கண்டவர்கள்.
• பொட்டாசியம், மக்னீசியம் கணிசமாகக் குறைந்தவர்கள். க்யூ.டி. நீண்டிருக்கும் நிலையில் அதை மேலும் நீட்டும் மருந்து தேவைப்படுபவர்கள்.
• ப்ருகாடா போன்ற பரம்பரைத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள். இவர்களுக்குக் காய்ச்சலே ஆபத்தான துடிப்பைத் தூண்டிவிடக்கூடும். குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால், காய்ச்சலுக்குப் போகும்போதும் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

தேவையில்லாதவர்கள்: பிபி சீராக, ஆக்ஸிஜன் சரியாக, முதல் ஈ.சி.ஜி. இயல்பாக இருக்கும், இதய நோய் வரலாறு இல்லாதவர்கள். சாதாரண வார்டில் காய்ச்சலுக்கு இருக்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் இந்தக் கூட்டம்தான்.

டெங்கு என்றால்?

2024 செப்டம்பரில் டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவிக்கை செய்த மாநிலம் கர்நாடகம். மழைக்காலத்தில் மைசூருவிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் நமக்கு இது பழகிப்போன பயம். இங்கே ஒரு முக்கியமான விஷயம் உண்டு. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும் நேரத்தில், பெரும்பாலும் 3-ம் நாளிலிருந்து 7-ம் நாளுக்குள், 24 முதல் 48 மணி நேரம். அப்போது ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது. அதை முதலில் காட்டிக்கொடுப்பது இதயத்துடிப்பின் வடிவமல்ல. பிபியின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி 20-க்குக் குறைவது, ஹெமட்டோகிரிட் ஏறுவது, சிறுநீர் குறைவது, கைகால் சில்லிடுவது, விடாத வயிற்று வலி, வாந்தி இவைதான்.

திரையில் பச்சைக் கோடு அழகாக ஓடுகிறது என்பதற்காக 'எல்லாம் நார்மல்' என்று வெளியே டீ குடிக்கப் போய்விடாதீர்கள். நர்ஸ் எத்தனை மணிக்கு ஒருமுறை பிபி பார்க்கிறார் என்பதுதான் அங்கே முக்கியமான கேள்வி. மறுபக்கம், டெங்கு குணமாகும்போது துடிப்பு 50-களுக்கு இறங்குவது பலருக்கு நடப்பதுதான். மயக்கமோ பிபி குறைவோ இல்லையென்றால் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும்.

எல்லோருக்கும் மாட்டிவிட்டால் என்ன கெட்டுப்போகும்?

நியாயமான கேள்வி. பதில், அலாரம். சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் 77 ஐ.சி.யூ. படுக்கைகளில் 31 நாட்கள் பதிவான எல்லா அலாரங்களையும் எண்ணி 2014-ல் வெளியிட்டார்கள். மொத்தம் 25 லட்சத்துக்கும் மேல். காதில் விழும் அலாரம் மட்டும் ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்கு 187. அதில் 12,671 துடிப்புக் கோளாறு அலாரங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோது 88.8 சதவீதம் பொய்.

நோயாளி புரண்டு படுத்தாலும், பட்டை வியர்வையில் கழன்றாலும், பல் தேய்த்தாலும் அலாரம் அடிக்கும். நாளெல்லாம் அதைக் கேட்கும் காது மரத்துப்போகும். புலி வருது கதைதான். நிஜமாகவே ஒருவருக்குத் துடிப்பு நிற்கும்போது அந்தச் சத்தம் நூறோடு நூற்றொன்றாகிவிடும். தேவையில்லாத ஒருவருக்கு மாட்டிய மானிட்டர், பக்கத்துக் கட்டிலில் உண்மையாகவே தேவைப்படுபவரின் கவனத்தைத் திருடுகிறது. நர்ஸ்கள் குறைவாக உள்ள நம்மூர் வார்டுகளில் இது இன்னும் பெரிய விஷயம். கூடவே தூக்கம் கெடும், நடக்க முடியாது, பில்லும் ஏறும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

1. அட்மிஷன் போடும்போதே, நோயாளி வழக்கமாகச் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். மனநல மருந்து, தூக்க மருந்து, மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிப் போட்ட ஆன்டிபயாடிக் உட்பட. இதில் கூச்சம் வேண்டாம்.

2. மானிட்டர் மாட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள்: 'எதுக்காக மாட்டியிருக்கீங்க? எத்தனை நாள் இருக்கும்? அலாரம் அடிச்சா யார் பார்ப்பாங்க?' காரணம் முடிந்ததும் கழற்றிவிடலாமா என்று தினமும் கேட்பதில் தப்பே இல்லை.

3. மானிட்டர் இல்லையென்றால், 'ஈ.சி.ஜி. எடுத்தாச்சா? பொட்டாசியம் பார்த்தாச்சா? எத்தனை மணிக்கு ஒருமுறை பிபி பார்ப்பீங்க?' என்று கேளுங்கள். பதில் தெளிவாக இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

4. அலாரத்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். பட்டை கழன்றிருந்தால் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

5. திரையைப் பார்ப்பதைவிட ஆளைப் பாருங்கள். பேச்சு குழறுகிறதா, மூச்சு வாங்குகிறதா, வியர்த்துக் கொட்டுகிறதா, மயக்கமாக இருக்கிறாரா? இதில் எது இருந்தாலும் திரை எதைக் காட்டினாலும் உடனே கூப்பிடுங்கள்.

6. டிஸ்சார்ஜ் ஆகும்போது ஈ.சி.ஜி. பிரதிகளைக் கேட்டு வாங்கி, போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த முறை எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பழைய ஈ.சி.ஜி.யோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.